ஸ்டாமினாவுக்குத் தமிழ் என்ன? குடியாத்தத்துப் பாவு நூலிலிருந்து ஒரு பதில்

காட்பாடியிலிருந்து போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மைதானத்தில் பயிற்சி கொடுக்கிற அண்ணன் தினமும் 'உனக்கு ஸ்டாமினா இல்லடா' என்கிறார். அகராதியைப் பார்த்தால் பலம், சக்தி, உள்ளுரம், தாங்குதிறன் என்று நாலைந்து சொற்கள் இருக்கின்றன. எது சரி? எனக்குக் கை கால் பலம் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் பிறவியிலேயே எனக்கு ஸ்டாமினா கிடையாதா? வீட்டில் ஆயா கேட்டால் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?"

நல்ல கேள்வி தம்பி. நான் இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் தப்பாகப் பிடித்துக்கொள்கிற சொற்களில் இது ஒன்று. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையை ஆரம்பித்த வேகம் குறையாமல், நெடுநேரம் தாக்குப்பிடித்துச் செய்ய உடம்புக்கும் மனசுக்கும் இருக்கிற தெம்புதான் ஸ்டாமினா. இதில் உயிரான சொல் "தாக்குப்பிடித்து" என்பது. அகராதி கொடுக்கிற "பலம்", "சக்தி" இரண்டும் அதைத் தவறவிட்டுவிடுகின்றன.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிறகு மறக்கவே மறக்காது. அதைச் சொல்ல எங்கள் வீட்டுத் தறியைத்தான் காட்ட வேண்டும்.

குடியாத்தத்தில் என் அப்பா குழித்தறியில் கைலி நெய்தவர். நெசவில் இரண்டு நூல் உண்டு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடா என்கிற ஓடக்கட்டையில் தார், அதாவது நூல் சுற்றிய குச்சியை வைத்து, குறுக்குவாக்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிடுவது ஊடை. லத்தீன் மொழியில் இந்தப் பாவு நூலுக்குப் பெயர் ஸ்டாமென். அதன் பன்மை ஸ்டாமினா. ஆமாம், நெசவாளி வீட்டுச் சொல்தான் இது. பழைய ரோமானியத் தறி சுவரில் சாய்த்த மாதிரி செங்குத்தாக நிற்கும். பாவு மேலிருந்து கீழே நிற்கும். அதனால் "நிற்பது" என்ற வேரிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நாம் சமஸ்கிருதம் வழியாக எடுத்துக்கொண்ட ஸ்திரம், ஸ்தானம் எல்லாம் அதே வேரின் சொந்தக்காரர்கள். பூவுக்குள் மகரந்தத்தைத் தாங்கி நூல் மாதிரி நிற்கிறதே, அதை ஆங்கிலத்தில் ஸ்டேமன் என்பதும் இதே சொல்தான்.

பாவுக்கும் ஊடைக்கும் என்ன வித்தியாசம் என்று நெய்கிற வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்லவே வேண்டாம். ஊடைக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஒரு தடவை போய்ப் படுத்துக்கொண்டால் அதோடு சரி. பாவு அப்படியில்லை. நெய்து முடிக்கும்வரை இழுத்த இழுப்பிலேயே இருக்க வேண்டும். மிதியை மிதிக்கும்போதெல்லாம் விழுது, அதாவது இழைகளைக் கோத்திருக்கிற கண்ணிகள், அதை மேலே தூக்கும், கீழே இறக்கும். ஒவ்வொரு ஊடைக்கும் அச்சு, அதாவது ஊடையைத் தள்ளி நெருக்குகிற சீப்பு மாதிரிச் சட்டம், வந்து இடிக்கும், உரசும். ஆயிரம் தடவை, பல்லாயிரம் தடவை. அத்தனையும் பட்டுக்கொண்டு அறுந்து போகாமல் இருந்தால்தான் துணி. ஊடை இழை அறுந்தால் இன்னொன்றை ஓடவிட்டுப் போய்விடலாம். பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, குனிந்து, தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும்.

அதனால்தான் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். சின்ன வயதில் நான் கண் விழிக்கும் நேரத்துக்குத் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கட்டையில் இழுத்துக் கட்டி, நடு நடுவே குச்சிகள் செருகி, இரண்டு பக்கமும் ஆள் நின்று கஞ்சித் தண்ணீரை நூலில் ஏற்றி நீளமான பிரஷால் வாரிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஏறிவிட்டால் வாருவதற்குள் காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அந்தப் புளித்த கஞ்சி வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் பாவுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். தலை பட்டால் திட்டு விழும். இந்தக் கஞ்சியைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால்தான் போட முடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

சரி, பாவு நூல் எப்படி ஆளின் தெம்பு ஆனது? கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. விதியின் தெய்வங்கள் மூன்று பெண்கள். ஒருத்தி ஒவ்வொருவருடைய ஆயுள் நூலையும் நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி வெட்டுகிறாள். உனக்கு எவ்வளவு நூல் நூற்றார்களோ அவ்வளவுதான் உன் ஆயுள். இந்த நினைப்போடுதான் அந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒன்றின் அடிப்படைக் கூறுகள், ஒருவன் உடம்போடு பிறந்த கட்டு என்றுதான் முதலில் பொருள். 18ஆம் நூற்றாண்டில் மெல்ல மாறி, கஷ்டத்தைத் தாங்கி மீள்கிற தெம்பு, தாக்குப்பிடிக்கிற சக்தி என்றானது. முதலில் பன்மையாக இருந்த சொல் இப்போது ஒருமையாகவே நடக்கிறது.

தம்பி, "பிறவியிலேயே இல்லையா" என்று நீ கேட்டது அந்தச் சொல்லின் முந்நூறு வருடத்துக்கு முந்தைய பொருள். இன்றைக்கு ஆங்கிலத்தில் ஸ்டாமினாவோடு மிகவும் ஒட்டி வருகிற வினை 'பில்ட்'. பில்ட் அப் யுவர் ஸ்டாமினா என்பார்கள். கட்டி எழுப்புவது. உடம்பு வாகு ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைதானத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவன் பிறவியைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். ஒரே சொல்லாக வேண்டும் என்று அடம் பிடித்தால் "தாங்குதிறன்" பரவாயில்லை. கட்டுரையில் எழுதலாம். பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள். "உரம்" அழகான பழைய சொல், உள்ளே இருக்கிற உறுதி. ஆனால் இன்று உரம் என்றால் கடையில் வாங்கும் யூரியாவும் பொட்டாஷும்தான் நினைவுக்கு வரும். என் கருத்து, இடத்துக்கு ஏற்ற சொல்லை எடுப்பதுதான் நல்லது. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஓட்டத்துக்குத் "தம்"தான் சரி. "தம்மு கட்டிக்கினு ஓடு", "ரெண்டு ரவுண்டுக்கு மேல தம்மு பத்தல" என்று வேலூர்ப் பையன்கள் சொல்வதைவிடப் பொருத்தமாக ஸ்டாமினாவை யாரும் மொழிபெயர்த்துவிட முடியாது. தம் என்பது பாரசீகத்தில் மூச்சு. உருது வழியாக நமக்கு வந்தது. ஆற்காடு நவாபுகள் ஆண்ட பூமி, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் எல்லாம் உருது பேசுகிற ஊர்கள், அதனால் இந்தச் சொல் இங்கே வேரோடிக் கிடக்கிறது. பிரியாணிக்குத் தம் போடுவதும் இதே தம்தான். மூடியை அடைத்து, மேலே கங்கு போட்டு, ஆவி வெளியே போகாமல் மூச்சை உள்ளேயே பிடித்துவைப்பது. சிகரெட் பிடிப்பதையும் தம் அடிப்பது என்கிறோம். அந்தத் தம் இந்தத் தம்மைத் தின்றுவிடும் என்பதை மட்டும் போலீஸ் தேர்வுக்குப் போகிற எல்லாப் பையன்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு "இன்னும் தெம்பு வரல" என்கிறோம். வயதானவர்கள் "மாடி ஏற திராணி இல்லப்பா" என்பார்கள். கடை வேலை, ஆஸ்பத்திரி வேலை, தோல் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை, இங்கெல்லாம் "தாக்குப்பிடிக்கிறது" என்ற வினைச்சொல்தான் வரும். "அந்தப் பொண்ணு தாக்குப்பிடிப்பா" என்றால் ஷீ ஹேஸ் ஸ்டாமினா என்பதற்கு அச்சு அசலான தமிழ். ஆங்கிலம் பெயர்ச்சொல்லாக வைத்திருப்பதைத் தமிழ் பல நேரம் வினையாகத்தான் வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லையே தேடிக்கொண்டிருந்தால் கையில் இருப்பது கண்ணில் படாது. "தில்" மட்டும் இதில் சேராது. அது துணிச்சல். தில் இருந்தும் தம் இல்லாதவர்கள் நிறைய.

பலத்துக்கும் ஸ்டாமினாவுக்கும் உள்ள வித்தியாசம் உன் கேள்வியின் நடு முடிச்சு. அதை நம் மாவட்டத்து ஆட்களையும் மாடுகளையும் வைத்தே அவிழ்க்கலாம்.

பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடி தங்கம். அந்த ஒரு தூக்கு சில விநாடிகளில் முடிந்துவிடும். அது வலிமை, அதாவது ஸ்ட்ரெங்த். வேகமும் சேர்ந்தால் பவர். அந்தச் சில விநாடிக்குப் பின்னால் வருடக்கணக்காகச் செய்த பயிற்சிக்கு வேண்டுமானால் ஸ்டாமினா என்ற சொல்லைப் போடலாம்.

அப்புறம் எருது விடும் விழா. பொங்கல் முடிந்து நம் பக்கத்து ஊர்களில் நடக்கிறதே, தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, குறிப்பிட்ட தூரத்தை எந்தக் காளை குறைந்த விநாடியில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. அங்கே வெடித்துக் கிளம்புகிற வேகம்தான் கணக்கு. அதே ஊரில் வெயிலில் நாள் முழுக்க ஏர் இழுத்த மாடுகளும் இருந்தன. அவற்றுக்கு யாரும் ஸ்டாப்வாட்ச் பிடித்ததில்லை. ஸ்டாமினா என்றால் எனக்கு ஏர் மாடுதான் கண்ணில் வரும்.

இன்னொன்று, நரசிம்மர் கோயில் இருக்கிற சோளிங்கர் மலை. பெரிய மலைக்கு 1305 படி. 2024இலிருந்து ரோப் கார் ஓடுகிறது, இருந்தாலும் நடந்து ஏறுபவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு தடவை ஏறிப் பார், எல்லாம் புரியும். கல்லூரிப் பையன்கள் முதல் இருநூறு படியை இரண்டு இரண்டாகத் தாவி ஓடுவார்கள். அடுத்து வரும் மண்டபத்தில் சட்டை நனைந்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். அறுபது வயது அம்மாக்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, பேசிக்கொண்டே ஒரே சீராக அவர்களைக் கடந்து போவார்கள். ஒரு தடவை நானும் மூச்சு வாங்க நின்றிருந்தபோது ஒரு அம்மா, "ஏம்பா, ஓடி ஏறுனா மலை என்ன சின்னதாவா ஆயிடும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கை பிடித்து மல்லுக்கு நின்றால் அந்தப் பையன்களுக்குத்தான் பலம் அதிகம். ஸ்டாமினா அந்த அம்மாக்களிடம் இருந்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சில விநாடி வேலைக்குத் தசையில் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கிற சக்தி போதும், மூச்சுக் காற்று வந்து சேரக் காத்திருக்க வேண்டாம். நிமிடக்கணக்கில் ஓட வேண்டுமானால் நுரையீரல் வாங்குகிற ஆக்சிஜனை ரத்தம் சுமந்து, இதயம் தள்ளி, தசை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை வைத்துச் சாப்பாட்டுச் சத்தை எரித்துத்தான் சக்தி கிடைக்கும். மூச்சு, ரத்தம், இதயம், தசை என்று இது ஒரு சங்கிலி. பயிற்சியில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆறு, எட்டு வாரம் விடாமல் செய்தால் தெரியும். இரண்டு, மூன்று வாரம் விட்டுவிட்டால் இறங்கத் தொடங்கும். தறியில் ஏற்றிய பிறகு பாவுக்குக் கஞ்சி போட முடியாது என்று சொன்னேனே, அது இதற்குத்தான். தேர்வு நாள் காலையில் குடிக்கிற எந்த பானமும், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் "ஸ்டாமினா கூடும்" என்று எழுதி விற்கிற எந்த லேகியமும் அந்த எட்டு வாரத்துக்கு ஈடாகாது. காசைக் கொடுத்து ஏமாறாதே.

உன் விஷயத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் வட்டம் என்றால் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி கிடைக்கிறது. நான் பார்த்தவரை பையன்கள் முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிடுகிறார்கள், பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து. இரண்டாவது சுற்றில் நெஞ்சு அடைக்கிறது, மூன்றாவதில் நடக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி கொடுப்பவர் "ஸ்டாமினா இல்ல" என்கிறார். பாதி உண்மை. மீதிப் பாதி, வேகத்தைப் பங்கிடத் தெரியவில்லை என்பது. முதல் சுற்றை 105, 110 விநாடிக்கு இழுத்துப் பிடித்து ஓடிப் பார். அதோடு வாரத்தில் மூன்று நாலு நாள் மெதுவான நீண்ட ஓட்டம். பக்கத்தில் வருகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். பேச முடியாமல் திணறினால் வேகம் அதிகம் என்று பொருள். இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன சங்கிலி வலுவாவது பெரும்பாலும் அந்த மெதுவான ஓட்டத்தில்தான். வாரத்தில் ஒரு நாள் வேகமாக ஓடு, போதும்.

ராணுவத்துக்குப் போகிற பையன்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம். முழு மதிப்பெண் வேண்டுமானால் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே இதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆட்கள் கிடைப்பார்கள். போய்க் கேள்.

நம் ஊர் வெயில் வேறு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்போது நல்ல ஓட்டக்காரனுக்கும் தம் குறையும், ஏனென்றால் ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிரவைக்கப் போய்விடுகிறது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். விடிவதற்குள் மைதானத்துக்குப் போய்விடு.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவலர் தேர்வில் அவர்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். என்ன பயிற்சி செய்தாலும் தம் ஏறவில்லை என்றால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கிற ஆளே குறைவாக இருந்தால் இதயமும் நுரையீரலும் என்ன செய்யும்? சின்ன ரத்தப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் ஒரு பெண்ணைச் "சோம்பேறி" என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மனசு கொதித்தது. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மனசுக்கும் இந்தச் சொல் உண்டு. மென்டல் ஸ்டாமினா. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. 150ஆவது கேள்வியையும் முதல் கேள்வியைப் படித்த அதே கவனத்தோடு படிக்க முடிந்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் மாதிரித் தேர்வு எழுதிப் பழகாதவர்களுக்கு அது அமைவதில்லை.

கடைசியாக, ஆங்கிலத்தில் பேசும்போது கவனிக்க வேண்டியவை. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். 'கேட்' என்று பூனையைச் சொல்லும்போது வருகிற உயிரொலிதான் இங்கேயும். நாம் ஸ்டாமினா, ஸ்டேமினா என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம், தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால்தான். எண்ண முடியாத சொல் என்பதால் முன்னால் 'எ' போடக்கூடாது. ஐ ஹேவ் குட் ஸ்டாமினா, ஐ லாக் ஸ்டாமினா என்று சொன்னால் சரி. "ஸ்டாமினா பவர்" என்று நம் ஆட்கள் சொல்வது வேண்டாம், ஸ்டாமினாவே போதும். எனர்ஜியோடு குழப்பிக்கொள்ளாதே. எனர்ஜி காலையில் இருக்கும், மாலையில் போகும். "இன்னைக்கு எனர்ஜி இல்ல" என்று சொல்லலாம், "இன்னைக்கு ஸ்டாமினா இல்ல" என்பது ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ஏனென்றால் ஸ்டாமினா வாரக்கணக்கில் வந்து வாரக்கணக்கில் போவது. எண்டியூரன்ஸ் ரொம்பப் பக்கத்துச் சொல்தான், ஆனால் அதில் வலியை, துன்பத்தைப் பொறுத்துக்கொள்கிற வாடை கூடுதல். இயந்திரத்துக்கும் டயருக்கும்கூட எண்டியூரன்ஸ் சொல்வார்கள். ஸ்டாமினா பெரும்பாலும் உயிருள்ளவற்றுக்குத்தான். நேர்முகத்தில் "உங்கள் ஸ்ட்ரெங்த் என்ன" என்று கேட்டால் அங்கே ஸ்ட்ரெங்த் உன் நல்ல குணத்தைக் குறிக்கிறது. அதற்கு, ஐ ஹேவ் த ஸ்டாமினா டு வொர்க் லாங் ஷிஃப்ட்ஸ் என்று பதில் சொல்லலாம். உண்மையாக இருந்தால் மட்டும்.

ஆயா கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாய். இப்படிச் சொல்: "ஆயா, எனக்குப் பலம் கீது, ஓடும்போது நடுவுல தம்மு வுட்டுப்போவுது. கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கணும், அதுக்குத்தான் விடியகாலம் மைதானத்துக்குப் போறேன்." அவர் புரிந்துகொள்வார். நாலரை மணிக்கு எழுப்பிவிடவும் செய்வார்.